பிறர் விடும் புகையும் நமது மௌனமும்

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி, சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைக் கொண்ட பகுதி. சுரங்கத் தொழிலாளரும் லாரி ஓட்டுநரும் இளைப்பாறும் இடம், நம் சிற்றூர்கள் பலவற்றிலும் போலவே, தேநீர்க் கடையாகும். இத்தகைய கடைகளில் கனன்றவாறு தொங்கும் கயிற்றில் ஒருவர் பீடியைப் பற்றவைப்பார். அருகிலிருப்பவர் முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்வாரேயன்றி வாய்திறக்க மாட்டார். இம்மௌனம் ஆராயத்தக்கது.

புகைப்பவர் உள்ளிழுத்து வெளிவிடும் புகை ஒருபுறமிருக்க, எரியும் நுனியிலிருந்து நேராகக் காற்றில் கலக்கும் புகையும் உண்டு. புகையிலைப் புகையில் 7,000க்கு மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை விளைவிப்பவை. புகைபிடிக்கும் கணவரோடு வாழும், தாம் புகைபிடிக்காத பெண்களிடையே நுரையீரல் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுவதை ஜப்பானிய அறிஞர் தக்கேஷி ஹிரயாமா 1981இல் எடுத்துக்காட்டினார். பிறர் புகையைச் சுவாசிப்பதில் தீங்கற்ற அளவு என்று எதுவுமில்லை என அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006ஆம் ஆண்டு அறிக்கை தெளிவுபடுத்தியது. தனி இருக்கைகளோ காற்றோட்ட வசதியோ இத்தீங்கை முற்றாக நீக்குவதில்லை என்பதும் அவ்வறிக்கையின் முடிவாகும்.

நம் நாட்டில் இக்கருத்தைச் சட்டத்தின் மொழியில் முதலில் உரைத்தவற்றுள் குறிப்பிடத்தக்கது கேரள உயர் நீதிமன்றமாகும். பொது இடத்தில் புகைப்பது பிறருடைய வாழ்வுரிமையை மீறும் செயல் என 1999 ஜூலை 12 அன்று அது தீர்ப்பளித்தது. முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில், மருத்துவமனை, கல்விக்கூடம், அரசு அலுவலகம், பொதுப் போக்குவரத்து போன்ற இடங்களில் புகைப்பதை உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 2 அன்று தடை செய்தது. 2003இல் மத்திய அரசின் சட்டம் பிறந்தது. 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் பணியிடங்களையும் உணவகங்களையும் வெளிப்படையாக உள்ளடக்கின. புகைப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. எனினும் பொறுப்பு அவரோடு நின்றுவிடவில்லை. தம் இடத்தில் எவரும் புகைக்காதவாறு காப்பதும், சாம்பல் கிண்ணமோ தீப்பெட்டியோ வழங்காதிருப்பதும் உரிமையாளரின் கடமை.

இனி, மக்களின் மனப்போக்கைக் காண்போம். உலகளாவிய வயதுவந்தோர் புகையிலை ஆய்வு தரும் எண்கள் சிந்தனைக்குரியவை. இந்தியாவில் வீட்டில் பிறர் புகைக்கு ஆளாவோர் 2009–10இல் 52.3 விழுக்காடு, 2016–17இல் 38.7. ஆனால் கட்டடங்களுக்குள் பணிபுரிவோரிடையே இது 29.9இலிருந்து 30.2 ஆயிற்று. சட்டம் நுழையாத வீட்டில் நிலைமை சீரடைந்திருக்க, சட்டமுள்ள பணியிடத்தில் அது அசையவே இல்லை!

காரணம் யாது? வீட்டில் மனைவியோ பிள்ளையோ உரிமையுடன் கடிந்துகொள்ளக்கூடும். பணியிடத்தில் அவ்வுரிமை எளிதில் வாய்ப்பதில்லை. வாடிக்கையாளரை முகஞ்சுளிக்கச் செய்யக் கடைக்காரர் தயங்குகிறார். மேலாளரிடம் சொல்ல ஊழியர் அஞ்சுகிறார். மற்றவரோ அதனை மரியாதைக் குறைவாகக் கருதுகின்றனர். இதனால் மிகுதியாகத் துன்புறுபவர் யார் என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். தேநீர் அருந்துபவர் பத்து நிமிடங்களில் எழுந்து செல்கிறார். தேநீர் ஆற்றுபவரும் குவளை கழுவுபவரும் நாள் முழுவதும் அங்கேயே நிற்கின்றனர். அயர்லாந்து 2004 மார்ச் 29 அன்று மதுக்கூடங்கள் உள்ளிட்ட பணியிடங்களில் புகைப்பதைத் தடை செய்தபோது, முதன்மையாக முன்வைத்த நியாயம் ஊழியரின் உடல்நலமே. முப்பது இருக்கைகளுக்குக் குறையாத உணவகங்களில் தனிப் புகையறைக்கு நமது விதிகள் இடமளித்தபோது, அவ்வறையைத் துப்புரவு செய்பவரின் மூச்சு கணக்கில் வரவில்லை.

ஆகவே, பாதிக்கப்படுபவரே எதிர்த்துப் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பது நீதியன்று. பேச வேண்டியவர் இடத்திற்கு உரியவர்; அவருக்குத் துணை நிற்க வேண்டியவர்கள் அங்கு கூடும் நாம். கடைக்காரர் அந்தக் கயிற்றை அவிழ்த்து வைப்பாராயின், அதனால் வாடிக்கை குறையாது என்ற உறுதியை அவருக்கு அளிப்பது நமது பொறுப்பாகும்.