தட்டிப் பார்க்கும் கருவிக்கு ஒரு கையேடு

தாதரில் பழைய சால் ஒன்றில் ஓர் அந்நியர் வரிசையாகக் கதவுகளைத் தட்டிக்கொண்டே போனால், மூன்றாவது கதவுக்குள் யாராவது ஒரு மாமி வெளியே வந்து ‘யாரைப் பார்க்கணும்?’ என்று கேட்டுவிடுவார். கம்ப்யூட்டரிலும் இப்படிக் கதவுகள் உண்டு. போர்ட் என்று பெயர். எண்கள் 65,535 வரை போகும். எது திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்க்கும் கருவிகளில் பெயர் பெற்றது என்மேப். கார்டன் லயன் 1997 செப்டம்பரில் வெளியிட்டார். பம்பாயில் பொதுமக்களுக்கு இணையம் வந்து அப்போது இரண்டே ஆண்டுகள்!

இதுவரை கையேட்டைப் படித்தவர் மனிதர். இப்போது ஏஐ ஏஜெண்ட் என்னும் மென்பொருளும் படித்து, கருவியைத் தானே இயக்குகிறது. நம் பிள்ளைகள் பலர் மென்பொருள் துறையில் இருக்கிறார்கள். இத்தகைய கையேடு எழுதும் வேலை அவர்களிடமும் வரலாம். ‘ஃபில்டர்டு’ என்று விடை வந்தால் கதவு மூடியிருக்கிறது என்று பொருளல்ல. நடுவில் தடுப்பு இருக்கிறது, கதவின் நிலை தெரியவில்லை என்பதே பொருள். அனுபவசாலிக்கு இது தெரியும். ஏஜெண்டுக்கு எழுதி வைக்காவிட்டால் ‘எல்லாம் பத்திரம்’ என்று அறிக்கை கொடுத்துவிடக்கூடும். அதை நம்பி ஓர் அலுவலகமே தூங்கும்.

அடுத்தது அனுமதி. உரிமையாளரைக் கேட்காமல் அவர் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால் இழப்பீடு தர வேண்டிவரும் என்கிறது 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு. தட்டுவது வேறு, நுழைவது வேறுதான். ஆனால் ஏஜெண்ட் ஒன்றிலிருந்து மற்றதற்கு நொடியில் போய்விடும். ஆகவே கையேட்டில் எழுதினால் மட்டும் போதாது. அனுமதித்த முகவரிகளைத் தவிர வேறெதையும் தட்டாதபடி கருவிக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துவிட வேண்டும் என்பதே என் கட்சி.

பழக விரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: அளவோடு தட்டிப் பார்க்கலாம் என்று அனுமதித்து, ‘ஸ்கேன்மி’ என்ற கம்ப்யூட்டரை என்மேப் திட்டத்தாரே இணையத்தில் வைத்திருக்கிறார்கள்.