படம் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்!

நம்ம குழு அக்கா ஒருவர் தூர்தர்ஷனில் பேசியதை இலவச டிஷ் பாக்ஸில் பென்டிரைவ் செருகிப் பதிவு செய்திருந்தோம். அக்கா இப்போ இல்லை. மகள் டிவிடி கேட்டார். கம்ப்யூட்டரில் போட்டால் ஒரே நிகழ்ச்சி இரண்டு ஃபைல்! டிவிடி ஆக்கினால் உதடு முன்னே, பேச்சு பின்னே. “பாக்ஸ் ரிப்பேரு” என்றார் கடைக்காரர். அது சரியல்ல.

ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. அதனால்தான் பாக்ஸ் துண்டாக்குகிறது. வரிசைப்படி சேர்த்தால் போதும்.

பேச்சு தள்ளிப்போவது வேறு சங்கதி. மழையில் சிக்னல் விட்டுவிட்டு வந்தால் படமும் ஒலியும் அங்கங்கே தொலையும். ஆனால் இரண்டும் ஒரே அளவில் தொலையாது. எம்பெக்-2 பதிவு என்றால் ‘புராஜெக்ட் எக்ஸ்’ என்ற இலவச மென்பொருளில் போடுங்க, விட்ட இடத்தை நிரப்பிப் பொருத்தித் தரும். எம்பெக்-4 பதிவை எம்பெக்-2 ஆக மாற்றினால்தான் சாதாரண டிவிடி பிளேயரில் ஓடும். கட்டண டிஷ் பதிவு பெரும்பாலும் பூட்டியிருக்கும், அதே பாக்ஸில்தான் ஓடும். அதை மாற்றித் தருவதாக யாராவது சொன்னால் முன்பணம் கொடுத்துவிடாதீங்க.

டிவிடியைக் கடைசிவரை ஓட்டிப் பார்க்காமல் பென்டிரைவை அழிக்கவே கூடாது. அக்கா குரல் அந்த ஒன்றில்தான் இருந்தது.