பழைய கம்பிச் சக்கரம் வாங்கப் போறீங்களா? பல்லைப் பிடித்துப் பாருங்க!

சென்னை: புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளுக்குப் போகிறவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. பழைய மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் கம்பிச் சக்கரம் தேடி அலையும் ஆசாமிகள்! "எந்த வண்டியோடது?" என்று கேட்டால், நாம் எந்த வண்டி வைத்திருக்கிறோமோ அந்த வண்டியின் பெயரே பதிலாக வரலாம். உஷார்! தப்பான சக்கரத்தை மாட்டினால் பணம் மட்டுமா போகும்? சக்கரம் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் போகும்.

டேப் ஏமாற்றும்

ரிம்மின் ஓரத்துக்கு ஓரம் டேப் பிடிப்பது தப்பு. டயர் உட்காரும் இடத்தைத்தான் அளக்கணும். வெளி உதட்டையும் சேர்த்து அளந்தால் ஒரு அங்குலத்துக்கு மேல் கூடுதலாகக் காட்டும்.

பழைய புல்லட்டுக்கு 19 அங்குலம், 40 கம்பி. மைசூரில் தயாரான பழைய ஜாவாவுக்கு 16 அங்குலம். ரிம்மில் 'டபிள்யூ.எம்.2' என்று குத்தியிருந்தால் அது வண்டி மாடல் இல்லை. உள் அகலம் 1.85 அங்குலம் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

கார் சக்கரமா? கம்பி நுனியைப் பாருங்கள். நிப்பிளே இல்லாமல் ரிம்மோடு வெல்டிங் செய்து, 5 போல்ட் துளை இருந்தால் அனேகமாக ஃபோர்டு 'ஏ' மாடல். 1928, 29 வண்டிக்கு 21 அங்குலம். 1930, 31 வண்டிக்கு 19. மூன்றே போல்ட் என்றால் ஆஸ்டின் செவனாக இருக்கலாம்.

போல்ட்டே இல்லை!

இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் போல்ட் கிடையாது. நடுவில் காது வைத்த பெரிய நட்டு ஒன்றுதான். சுத்தியலால் தட்டி முடுக்குவார்கள். இங்கே கம்பியை எண்ணணும். எம்.ஜி. டி.சி. காருக்கு 19 அங்குலத்தில் 48 கம்பி. எம்.ஜி.பி.க்கு 14 அங்குலம், 60 கம்பி. ஜாகுவார் ஈ டைப்புக்கு 15 அங்குலம், 72 கம்பி. எண்ணும்போது ஒரு கம்பியில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டால் குழப்பம் வராது.

மாட்டைப் பல் பிடித்துப் பார்த்து வாங்குவது போல, இந்தச் சக்கரத்துக்கும் பல் பார்க்கணும். ஹப்புக்குள் விரலை விட்டால் வரிசையாகப் பல் தட்டுப்படும். என்ஜின் இழுப்பு, பிரேக் பிடிப்பு எல்லாம் அதன் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. பல் நுனி தட்டையாக இருந்தால் சரி. கத்தி போலக் கூராக இருந்தால் தேய்ந்துவிட்டது. வண்டியில் மாட்டியபின், ஒருவர் பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தை முன்னும் பின்னும் அசைக்கணும். 'டக்' என்று கேட்டால் வேண்டவே வேண்டாம். பல் முழுக்க மழுங்கினால், பிரேக் மிதிக்கும்போது டிரம் நிற்கும், சக்கரம் ஓடும்!

இன்னொரு ஆபத்து. இடது பக்க நட்டுக்குச் சாதாரண மரை, வலது பக்கத்துக்கு எதிர் மரை. ஓட ஓட இறுகணும் என்பதற்காகவே அப்படி. ஹப்பை இடம் மாற்றிப் பூட்டிவிட்டால், ஓட ஓடத் தானாகக் கழன்றுவிடும்.

புது பெயிண்ட், குரோம் பளபளப்பைக் கண்டு மயங்காதீர்கள். என்னைக் கேட்டால் துருப்பிடித்ததே தேவலை. வெடிப்பு கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு கம்பியையும் ஸ்பானரால் தட்டுங்கள். 'டிங்' என்றால் முறுக்கு இருக்கிறது. 'டொக்' என்றால் தளர்ந்தது.

போலீஸ் வந்தால்?

திருட்டுச் சாமான் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில். அடிமாட்டு விலைக்கு, அதுவும் ராத்திரியில் தெருமுனையில் வைத்துக் கொடுத்தால் யோசிக்க வேண்டாமா? பில் கேளுங்கள். அதில் 'பழைய இரும்பு' என்று மொட்டையாக எழுதாமல், 'கம்பிச் சக்கரம், இத்தனை அங்குலம், இத்தனை கம்பி' என்று விவரமாக எழுதி, கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள்.