புயலுக்கு வழிவிடும் கப்பல்



செங்கோட்டைக்காரனாகிய எனக்குக் கடல் தொலைவு. காற்றோ நெருங்கிய உறவு. ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே மேல்காற்று புகுந்து வரும். சிறுவயதில் கண்ணை மூடிக்கொண்டு காற்றுக்கு எதிரே முகத்தைத் திருப்பி, “கணவாய் அதோ!” என்று கைநீட்டி விளையாடுவோம். நடுக்கடலில் புயலைத் தேடும் மாலுமியும் முதலில் காற்றைத்தான் எதிர்நோக்குகிறான். ஆனால் அவன் பெறும் விடை வேறு.

புயற்காற்று மையத்தைச் சுற்றிச் சுழல்வது. கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன், 1848-இல் வெளியிட்ட நூலில், பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குச் ‘சைக்ளோன்’ எனப் பெயரிட்டார். நிலநடுக்கோட்டிற்கு வடக்கே இச்சுழற்சி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அமையும். ஆகவே காற்றை எதிர்நோக்கி நின்றால், மையம் வலக்கைப் புறத்தில் சற்றுப் பின்தள்ளி இருக்கும். டச்சு அறிஞர் பைஸ் பாலட் 1857-இல் உரைத்த விதி இது.

அடுத்த வினா, கப்பல் புயற்பாதையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது. கப்பலை நிறுத்திக் காற்றைக் கவனிக்க வேண்டும். காற்றின் திசை கடிகார முள்போல மாறினால் வலப்பாதி. எதிராக மாறினால் இடப்பாதி. திசை மாறாமல் பாரமானி மட்டும் இறங்கினால், புயல் நம்மை நோக்கியே வருகிறது! வலப்பாதியே கொடியது. அங்கே சுழற்காற்றின் வேகத்தோடு புயல் நகரும் வேகமும் சேரும். அக்காற்று கப்பலைப் புயலின் பாதைக்கே தள்ளும். அங்குள்ள கப்பல் காற்றை முகப்பின் வலப்புறத்தில் ஏற்று முன்னேற வேண்டும். இடப்பாதியிலோ பாதையிலோ உள்ள கப்பல், காற்றை வலப்புறப் பின்பகுதியில் ஏற்று விலக வேண்டும்.

இக்காலத்தில் முன்னறிவிப்பு வானொலியிலேயே வந்துவிடுகிறது. எனினும் முன்னறிவிப்பிலும் பிழை உண்டு. எனவே மாலுமிகள் நாள் ஒன்றுக்கு 100 கடல்மைல் பிழையெனக் கொள்கின்றனர். மணிக்கு 63 கிலோமீட்டர் வேகக் காற்று மையத்திலிருந்து 60 கடல்மைல் வரை வீசுவதாகக் கொள்வோம். நாளை மையம் இருக்குமெனக் கூறப்படும் இடத்தைச் சுற்றி 160 கடல்மைல் ஆரத்தில் ஒரு வட்டம், மறுநாளுக்கு 260, மூன்றாம் நாளுக்கு 360. இவ்வட்டங்களுக்கு வெளியே வரையப்படும் கோடே கப்பலின் வழி. புயல் இன்று இருக்கும் இடத்தைவிட்டு ஓடுவது போதாது. நாளை அது இருக்கக்கூடிய இடங்களையெல்லாம் விட்டு விலக வேண்டும்.

இக்கணக்கிற்குக் காலம் வேண்டும், செய்தியும் வேண்டும். 2017 நவம்பர் 29-இல் தாழ்வு மண்டலமாகத் தோன்றியது, மறுநாளே குமரிக் கடலில் ஒக்கிப் புயலாயிற்று. பல நாள் தங்கி மீன்பிடிக்க முன்பே ஆழ்கடல் சென்றிருந்த படகுகள் பலவற்றுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அவர்களுள் பலர் கரை திரும்பவில்லை. காற்றின் குறிப்பறிந்தவர்கள்தாம் அவர்கள். விலகிச் செல்லத்தான் நேரம் இல்லை. வட்டம் வரையும் அறிவு பெரிது. அதை, விரைந்து விலக இயலாத சிறு படகுக்கும் உரிய காலத்தில் கொண்டு சேர்ப்பது அதனினும் பெரிது. நாளை அப்பணியை ஏற்கப்போகிறவர்கள் நீங்களே.