ஆங்கிலத்தில் எழுவாயும் வினையும் இயையுமாறு

காரைக்குடியை அடுத்த சிற்றூரொன்றினின்று வந்து என் வகுப்பிற் பயின்ற மாணவர் ஒருவர், தம் தந்தையார் சிங்கப்பூரினின்று திரும்பிய செய்தியை ஆங்கிலக் கட்டுரையில் எழுதினார். 'மை ஃபாதர் ஹேவ் கம்' என்பது அவர் எழுதிய வாக்கியம். 'ஹேஸ்' என்றிருத்தல் வேண்டும். யான் அதனைச் சிவப்பு மையாற் கீறியதோடு நில்லாது, வகுப்பில் உரக்கவும் படித்துவிட்டேன். உடன் பயில்வோர் நகைத்தனர். அவர் தலை கவிழ்ந்து நின்றார். வகுப்பு முடிந்தபின் அவரைத் தனியே அழைத்து, "பன்முறை சொல்லியும் ஏன் தம்பி மறந்தாய்?" என்று வினவினேன். "மறக்கவில்லை, ஐயா. அப்பச்சியை ஒருமையிற் சொல்ல மனம் வரவில்லை" என்றார்.

அவ்விடை என்னை நாணச் செய்தது. யான் அறியாமையென்று கருதிக் கீறியது, உண்மையில் வேறொரு மொழியின் இலக்கணம். இச்சீமையில் தந்தையைக் குறித்து 'வந்தான்' என்று சொல்லும் மகன் இலன்; 'வந்தாக' என்பதே வீட்டு வழக்கு. அது 'வந்தார்கள்' என்னும் பன்மை வினையின் பேச்சுருவம். அம்மாணவர் தமிழின் மரியாதையை ஆங்கில வினைமேல் ஏற்றிவிட்டார்; அவ்வளவே. எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள இயைபில் நம் மாணவர் செய்யும் பிழைகளிற் பெரும்பாலன இத்தகையனவே என்பதும், அவற்றின் காரணத்தை அறிந்தாற் பிழை தானே நீங்கும் என்பதும் என் துணிபு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நம் மொழியின் நிலையை நோக்குவோம். 'வா' என்னும் வினைக்கு இறந்தகாலத்தில் வந்தேன், வந்தோம், வந்தாய், வந்தீர், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என ஒன்பது முடிபுகள் உள. ஆங்கிலத்திலோ இவ்வொன்பதிற்கும் 'கேம்' என்னும் ஒரு சொல்லே அமையும். தமிழ் வினையின் ஈற்றைக் கேட்ட அளவிலேயே, செய்தவன் யார், ஒருவனோ பலரோ என்பது புலனாகின்றது. ஆதலின் நாம் 'வந்தேன்' என்று மட்டும் சொல்லி எழுவாயை விட்டுவிடலாம். அதனைத் தோன்றா எழுவாய் என்பர். ஆங்கிலத்தில் 'கேம்' என்று மட்டும் சொன்னால், வந்தது யார் என்பது விளங்காது.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கம் திணையையும் பாலையும் வகுத்துக்கொண்டே தொடங்குகின்றது. நன்னூலார் வழுக்களைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாக எண்ணினார். இவ்வேழில் முதல் மூன்றும் எழுவாயும் வினையும் மாறுபடுதலையே பெரிதும் பற்றியன. இவ்விலக்கணத்தை இளமையிலேயே பயின்றவர்க்கு, ஆங்கிலம் கேட்கும் இயைபு மிகச் சிறிது. நம்மவர் இதனை அறியாதவர் அல்லர்; இருவேறு முறைகளை மயக்கிக்கொள்பவரே ஆவர்.

இனி ஆங்கிலத்தின் நிலையைக் காண்போம். ஆயிரம் ஆண்டுகட்குமுன் ஆங்கில வினையும் பல விகுதிகளை ஏற்றிருந்தது. காலப்போக்கில் அவை தேய்ந்தன. 1611-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலியத்தைப் படித்தவர், 'தௌ கோயஸ்ட்' என முன்னிலை ஒருமைக்கும், 'ஹி கோயத்' எனப் படர்க்கை ஒருமைக்கும் தனித்தனி விகுதிகள் இருத்தலைக் கண்டிருப்பர். பின்னர் முன்னிலை விகுதி வழக்கொழிந்தது. படர்க்கை விகுதியின் இடத்தை, இங்கிலாந்தின் வடபகுதி வழக்கினின்று பரவிய 'ஸ்' கைப்பற்றியது. இன்று பொதுவினைகளில் எஞ்சி நிற்பது இவ்வொன்றே. அதுவும் நிகழ்காலத்தில், படர்க்கை ஒருமைக்கு மட்டும். 'பி' என்னும் வினையொன்றே ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் எனப் பழஞ்செல்வத்தைச் சிறிது காத்து வைத்துள்ளது. 'கேன்', 'மே', 'மஸ்ட்' முதலிய துணைவினைகட்கு எவ்விகுதியும் இல்லை. இது நமக்குப் புதுமையன்று. 'அவன் வரவேண்டும், அவர்கள் வரவேண்டும்' என்பவற்றில் நம் 'வேண்டும்' என்பதும் மாறாமலன்றோ நிற்கின்றது?

இவ்வளவு எளிதாயின் பிழை எங்ஙனம் நேர்கின்றது? நான்கு இடங்களில் நம்மவர் இடறுகின்றனர்.

முதலாவது, 'ஸ்' என்னும் ஒலியின் இரட்டை வேலை. பெயரோடு சேர்ந்தால் அது பன்மையைக் காட்டும். வினையோடு சேர்ந்தால் ஒருமையைக் காட்டும். 'தி பாய் ரன்ஸ்' என்பது ஒருவன் ஓடுதல். 'தி பாய்ஸ் ரன்' என்பது பலர் ஓடுதல். தமிழில் 'மாணவர்கள் ஓடுகிறார்கள்' எனப் பெயரிலும் வினையிலும் 'கள்' ஒத்து வரக் கண்ட மாணவர், ஆங்கிலத்திலும் அவ்வாறே 'பாய்ஸ் ரன்ஸ்' என்று எழுதுகின்றார். இதற்கு நம் ஊர்க் கணக்கு முறையையே உவமை கூறலாம். பேரேட்டில் ஒரு தொகையை ஒருவர் பெயரிற் பற்றில் எழுதினால், அதனையே அவர் வரவிலும் எழுதுதல் இல்லை. அதுபோலவே, பெயர் 'ஸ்' கொண்டால் வினை கொள்ளாது. வினை கொண்டால் பெயர் கொள்ளாது. 'மென்', 'சில்ட்ரன்' போன்று 'ஸ்' இன்றியே பன்மையாகும் சில பெயர்கட்கு மட்டும் இவ்வுவமை பொருந்தாது. அவற்றைத் தனியே நினைவிற் கொள்க.

இரண்டாவது, எழுவாய் நிற்கும் இடம். 'வீடுகளின் அழகு கண்ணைக் கவர்கின்றது' என்று தமிழிற் சொல்லும்போது, அடைமொழி முன்னும், எழுவாயாகிய 'அழகு' அதன் பின்னும் வருகின்றன. ஆங்கிலத்தில் இம்முறை தலைகீழாகின்றது: 'தி பியூட்டி ஆஃப் தி ஹவுசஸ்' என எழுவாய் முன்னே சென்றுவிட, 'ஹவுசஸ்' என்னும் பன்மைப் பெயர் வினையின் அருகில் வந்து நிற்கின்றது. அருகில் நிற்பதே எழுவாய் என மயங்கி, மாணவர் 'ஆர்' என்று எழுதுகின்றார். 'இஸ்' என்பதே முறை. செட்டிநாட்டு வீட்டின் பர்மாத் தேக்குத் தூண்களைச் சொல்லுமிடத்து, 'தி பில்லர்ஸ் ஆஃப் தி ஹவுஸ் ஆர்' என்று வரும்; ஆண்டு எழுவாய் தூண்களேயன்றி வீடன்று. 'ஆஃப்' என்னும் சொல்லையும் அதனைத் தொடர்ந்த பெயரையும் விரலால் மறைத்துவிட்டுப் படித்தால் உண்மை எழுவாய் தோன்றும். 'ஒன் ஆஃப் தி பாய்ஸ்' என்பதன்கண் எஞ்சுவது 'ஒன்'. ஆகவே வினை ஒருமை.

மூன்றாவது, அஃறிணைப் பெயர்களின் எண். 'மூன்று வண்டி வந்தது' என்று நாம் இயல்பாகப் பேசுகின்றோம். 'வண்டி' என்பது ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாய் நிற்றலின், இத்தகையவற்றைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பர். கால்டுவெல் ஐயரும், 1856-ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், இம்மொழிகளில் அஃறிணைப் பெயர் பன்மையுருக் கொள்ளுதல் அரிது என்பதையும், வினையில் அஃறிணைப் பன்மை அதனினும் அரிது என்பதையும் எடுத்துக் காட்டினார். ஆங்கிலமோ உயிருள்ளது, இல்லாதது என்று பாராமல், எண்ணப்படும் எல்லாவற்றிற்கும் பன்மையை வற்புறுத்தும். எனினும் தொகை, தொலைவு, காலம் என்பவற்றை ஒரே அளவாகக் கொள்ளுமிடத்து அதுவும் நம் வழிக்கு வருகின்றது. 'டென் தவுசண்ட் ருபீஸ் இஸ் எ லார்ஜ் சம்' என்பது பிழையன்று; ஆண்டுக் கருதப்படுவது பதினாயிரம் தனித்தனி ரூபாயன்று, ஒரு தொகை.

நான்காவது, மேற்கூறிய மரியாதைப் பன்மை. ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கில் வந்த உயர்வுச் சொல்லேயன்றி இலக்கண முறையன்று என்பது தொல்காப்பியர் கருத்து. மரியாதையைப் பெயராலும் சொல்லின் பாங்காலும் காட்டுதல் ஆங்கில முறை; வினை எண்ணை மட்டுமே காட்டும். ஆதலின் 'மை ஃபாதர் ஹேஸ் கம்' என்பதில் தந்தையார்க்கு இழிவு சிறிதும் இல்லை. இன்னுமொரு வியப்பு உளது. ஒருவரை நோக்கி 'யூ ஆர்' என்று ஆங்கிலேயர் பன்மை வினையாற் கூறுவது ஏன்? முற்காலத்தில் ஒருவனுக்கு 'தௌ' என்றும் பலர்க்கு 'யூ' என்றும் வழங்கினர். பெரியோரை ஒருமையில் அழைக்க நாணி அவர்க்கும் 'யூ' என்றனர். நாளடைவில் அம்மரியாதை யாவர்க்கும் உரியதாயிற்று. நம் மாணவரின் உள்ளத்தை நிறுத்திய அந்நாணமே, ஒருகாலத்தில் ஆங்கில மொழியையும் மாற்றியமைத்தது! நம் இலக்கணத்தார் இதனை வழுவமைதி என்று பெயரிட்டிருப்பர்.

கலந்து வரும் எழுவாய்களைப் பற்றியும் ஒரு சொல். உயர்திணையும் அஃறிணையும் விரவி வருமிடத்து, சிறப்பு, மிகுதி, இழிவு என்பவற்றுள் ஒன்று பற்றி ஒருமுடிபு கொள்ளலாம் என்பது நன்னூல் விதி. ஆங்கிலத்திலோ, 'நெய்தர் தி மாஸ்டர் நார் தி பாய்ஸ் ஆர்' என வினைக்கு அண்மையில் நிற்பதைப் பின்பற்றுவதே பொதுவிதி. இரு மொழியாரும் ஒரே இடர்ப்பாட்டை உணர்ந்து, வெவ்வேறு வாயில்களால் வெளியேறினர். குழுவைக் குறிக்கும் பெயர்களிலும் கருத்தே வழிகாட்டி: குழுவை ஒன்றாகக் கருதின் ஒருமை, உறுப்பினரைத் தனித்தனியே கருதின், இங்கிலாந்து வழக்கிற் பன்மையும் அமையும், அமெரிக்க வழக்கு பெரும்பாலும் ஒருமையையே விரும்பும். 'போலீஸ்' என்பதோ எங்கும் பன்மையே கொள்ளும்.

ஆகவே மாணவர் எழுதி முடித்தபின் ஒவ்வொரு வினையையும் நிறுத்தி மூன்று வினாக்களைக் கேட்பாராக. இச்செயலைச் செய்தது யார், அல்லது எது? அது ஒன்றா, பலவா? காலம் நிகழ்காலமா? இவற்றுள் முதலிரண்டும் தமிழாசிரியர் முன்னரே கற்பித்த வினாக்கள். மூன்றாவது மட்டுமே புதிது. 'டஸ்' என்னும் துணைவினை வருமாயின், 'ஸ்' அதனோடு நின்றுவிடும் என்பதையும் மறவற்க: 'ஹி டஸ் நாட் கோ' என்க; 'கோஸ்' என்னற்க.

பிறர் பிழையை நகைப்போர்க்கும் ஒன்று கூற விழைகின்றேன். 'மாடுகள் வந்தது' என்றும், 'ஒவ்வொருவரும் வந்தார்கள்' என்றும் நாம் நம் மொழியிலேயே நாள்தோறும் எழுதி வருகின்றோம். முன்னதற்கு 'வந்தன' என்பதும், பின்னதற்கு 'வந்தார்' என்பதும் முறை. தாய்மொழியில் தளர்ந்தவர் அயன்மொழியில் இடறுவோரை எள்ளுதல் தகாது. அம்மாணவரின் கட்டுரைத் தாளை யான் மறுநாள் கேட்டு வாங்கினேன். சிவப்பு மையை அழித்தற்கு இயலவில்லை. அதன் அருகே, 'உன் தமிழ் சரியே. ஆங்கிலத்தில் மட்டும் ஹேஸ் என்று எழுதுக' என்று குறித்து, வகுப்பில் அனைவரும் கேட்க அதனையும் படித்தேன். அதன்பின் அவர் அப்பிழையைச் செய்ததில்லை. யானும் ஒரு பிழையைக் கீறுமுன் அதன் காரணத்தைக் கேட்கக் கற்றுக்கொண்டேன்.