மூடிய சுரங்கத்தில் விளக்கு ஏன் அணைகிறது?

செய்யாற்றங்கரை மாகறல் போன்ற ஊர்களில், பாழுங்கிணற்றில் இறங்குமுன் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கச் சொல்வார்கள் பெரியவர்கள். விளக்கு அணைந்தால் உள்ளே மூச்சுவிட ஏற்ற காற்றில்லை என்று பொருள். கைவிட்ட சுரங்கத்திலும் அதே ஆபத்துதான், இன்னும் பெரிய அளவில்.

கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த இந்தச் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம். 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. அதோடு காற்றோட்டமும் நீர் இறைப்பும் நின்றுபோயின.

பிறகு உள்ளே என்ன நடக்கும்? முட்டுக்கொடுத்த மரங்கள் மட்கும்போது ஆக்சிஜன் செலவாகி, கரியமில வாயு வெளிவரும். பாறையிலுள்ள கந்தகத் தாதுக்களும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, பள்ளத்தில் தங்கிவிடும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அது 16 சதவீதத்தை நெருங்கினால் சுடர் அணையும். 10-க்குக் கீழே போனால் மனிதன் மயங்கிச் சரிவான். மூச்சு முட்டும் உணர்வுகூட வராமல் போகலாம். கொடுமை அதுதான்.

இன்னொன்று: சுரங்கம் மூச்சுவிடும்! மழைக்கு முன் காற்றழுத்தம் குறையும்போது உள்ளிருக்கும் கெட்ட காற்று வாய்ப்பகுதிக்கு வரும். காலையில் சரியாக இருந்த இடம் மாலையில் ஆளைக் கொல்லும்.

விளக்கு எரிந்தாலும் நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடை அது காட்டிக்கொடுக்காது. தாத்தா வேலை பார்த்த இடமென்றாலும் வெளியே நின்றே பாருங்கள். உள்ளே யாராவது விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள், 101-க்கு அழையுங்கள்.