மதிப்பெண்ணும் அதன் அளவுகோலும்

பிள்ளைகள் கட்டுரை ஏட்டை வீட்டுக்குக் கொண்டுவரும்போது பெற்றோர் கண் முதலில் தேடுவது சிவப்பு மையில் இட்ட எண்ணையே. இருபதுக்குப் பன்னிரண்டு என்றிருந்தால், "அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை?" என்று கேட்பதும் இயல்பே. ஆனால், அந்தப் பன்னிரண்டு எதற்காகக் கிடைத்தது, எஞ்சிய எட்டு எங்கே போயிற்று என்று கேட்போர் மிகச் சிலர். அக்கேள்விக்கு விடை கூறுவதே மதிப்பீட்டு அளவுகோல். ஆங்கிலத்தில் இதனை ரூப்ரிக் என்பர்.

தோட்டத்தில் வாழ்ந்தோர்க்கு இம்முறை புதிதன்று. புகையூட்டிய ரப்பர் ஷீட்டுகளைத் தரம் பிரிக்கும் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பூஞ்சணம் உண்டா, குமிழி உண்டா, மணலும் தூசும் கலந்துள்ளனவா, புகை சரியாக ஏறியுள்ளதா என்று ஒவ்வொன்றாக நோக்குவர். 1 முதல் 5 வரை தரங்கள். அவற்றுக்கும் மேலே 1எக்ஸ் என்னும் உயர்தரம். எந்தத் தரத்தில் எந்தக் குறை எவ்வளவு இருக்கலாம் என்பது முன்பே எழுதப்பட்டுள்ளது. ஆகவே, ஷீட் மூன்றாம் தரத்தில் விழுந்தால் காரணம் இன்னதென்று கூறலாம். பாலை வடிகட்டுவதிலோ புகையூட்டுவதிலோ உள்ள குறையைத் திருத்தவும் செய்யலாம்.

கட்டுரைக்கும் இவ்வாறே அளவுகோல் அமைக்கலாம். 'நான் ஒரு மிதிவண்டி' என்னும் தன்கதையை எடுத்துக்கொள்வோம். கருத்து, பத்தி அமைப்பு, சொல்லாட்சி, பிழையின்மை என நான்கு கூறுகளை முதலில் வகுக்கிறோம். பின்னர் ஒவ்வொரு கூற்றுக்கும் படிகளை எழுதுகிறோம். கருத்து என்னும் கூற்றின் படிகள் வருமாறு:

1. மிதிவண்டியின் நிறத்தையும் உறுப்புகளையும் மட்டும் கூறுதல்.
2. பிறந்த இடம், விற்பனையான கடை, சேர்ந்த வீடு என நிகழ்ச்சிகளை வரிசையாகக் கூறுதல்.
3. அந்நிகழ்ச்சிகள் ஏன் நேர்ந்தன என்று காரணத்தோடு கூறுதல்.
4. மிதிவண்டியின் இன்ப துன்பங்களைப் படிப்பவரும் உணருமாறு கூறுதல்.

'நன்று', 'மிக நன்று' என்று மட்டும் படிகளுக்குப் பெயரிட்டால் பயனில்லை. ஏட்டில் கண்ணால் காணக்கூடியதையே படியாக எழுத வேண்டும். ஒரே கட்டுரையை இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே திருத்திப் பார்ப்பதும் நல்லது. இருவர் முடிவும் பெரிதும் வேறுபட்டால், திருத்தம் பெற வேண்டியது பெரும்பாலும் அளவுகோலின் சொற்களே.

பன்னிரண்டு புள்ளி பெற்ற இரு மாணவரை நினைத்துப் பாருங்கள். ஒருவன் கற்பனை வளத்தோடு எழுதி, லகர ளகர ழகரங்களில் தடுமாறியுள்ளான். மற்றவன் பிழையின்றி எழுதியும், மூன்று கருத்துகளோடு நிறுத்திவிட்டான். எண் ஒன்றே; தேவைப்படும் உதவியோ வெவ்வேறு. முன்னவனுக்குச் சொல்வதெழுதுதல் வேண்டும். பின்னவனுக்குக் கதைப் புத்தகமும் உரையாடலும் வேண்டும். எண் மறைத்ததை அளவுகோல் காட்டிவிடுகிறது.

இவ்வளவுகோலை மாணவரிடம் எழுதுவதற்கு முன்பே கொடுத்தல் வேண்டும். போகும் ஊர் தெரிந்தால்தான் வழி கேட்க முடியும். எழுதி முடித்தபின் மாணவர் தாமே படிகளோடு ஒப்பிட்டு, ஒரு படியாவது உயருமாறு திருத்தி எழுதட்டும்.

1988 முதல் நடந்துவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021 இல் கைவிடப்பட்டது. அதன்பின், "பிள்ளையின் நிலையை எப்படி அறிவது?" என்று பெற்றோர் பலர் கவலையுற்றனர். வகுப்பறை மதிப்பீட்டில் வழங்கும் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலைகளும் ஒருவகை அளவுகோலே. அடைவுநிலை 4 என்பது ஆறுக்கு நான்கு மதிப்பெண் என்று பொருள்படாது. வகுப்பில் நான்காம் இடம் என்றும் பொருள்படாது. பிள்ளை இன்று எதைச் செய்ய வல்லது என்பதையே அது குறிக்கும்.

அளவுகோலுக்கும் எல்லையுண்டு. பழமொழிக்கு ஒரு புள்ளி என்று வகுத்துவிட்டால், பிள்ளைகள் பொருந்தாத இடத்திலும் பழமொழியைச் செருகுவர். மனனம் செய்த வரிகளே ஏடு முழுதும் நிறையும். எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காத ஓர் அழகிய வரியைச் சிறுமி ஒருத்தி எழுதிவிடலாம். அதனைக் கண்டு பாராட்டி, ஓரத்தில் ஒரு வரி எழுதுவது ஆசிரியர் கடமை.

பெற்றோர்களே! விடியுமுன் வேலைக்குச் சென்று களைத்துத் திரும்பும் உங்களுக்கு நேரம் குறைவு என்பதை அறிவோம். எனினும், ஏட்டைக் காணும்போது, "இதில் எது நன்றாக வந்தது? அடுத்த முறை எதைத் திருத்துவாய்?" என்று இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. விடை கூறப் பழகும் பிள்ளை தன் குறையைத் தானே கண்டு திருத்தக் கற்றுக்கொள்ளும்.